555 புத்தகமும் செக்ரோலும்

ஐந்தாறு பேரை வேலைக்கு வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்குக் குழம்பு வைப்பது பெரிய பாடு இல்லை. தேதிகளைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. மாதம் 15-ஆம் தேதிக்குள் இபிஎஃப் போயாக வேண்டும், சொக்சோ போயாக வேண்டும், சம்பளத்தில் பிடித்த வருமான வரியும் அதே 15-க்குள். அந்நியத் தொழிலாளர் இருந்தால் வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கணும். சமையல்கட்டில் கை வைக்கிற ஒவ்வொருவரும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். மூன்று ஆண்டு ஆனால் மறுபடியும் ஊசி. கடை லைசென்ஸ், பெயர்ப்பலகை லைசென்ஸ், கம்பெனிப் பதிவு, வேன் இருந்தால் ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளருக்கும் இபிஎஃப் கட்டாயம் ஆகிவிட்டது. முதலாளி பங்கு 2 விழுக்காடு, தொழிலாளி பங்கு 2 விழுக்காடு. தொகை சின்னதுதான், ஆனால் பட்டியலில் ஒரு வரி கூடிவிட்டது.

என் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு என்று பெயரே தவிர, பாதி நேரம் ஞாபகப்படுத்துகிற வேலை. "அண்ணே, இன்னிக்கு 12-ஆம் தேதி" என்று ஒரு வாட்ஸ்அப். "அக்கா, அந்த நேப்பாளத் தம்பியோட பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்று இன்னொன்று. அதனால் யாராவது புதிதாக ஒரு ஞாபகச் செயலியைக் கண்டுபிடித்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். "இது இருந்தா இனிமே நீங்க தேவையில்ல போலிருக்கே" என்று கூடவே ஒரு சிரிப்பு. தேவையில்லாமல் போனால் சந்தோஷம்தான், நானும் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் போகிற மாதிரித் தெரியவில்லை. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது 555 புத்தகமா, செக்ரோலா?

இருபது வயதுக்காரர்களுக்கு இரண்டுமே தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். 555 என்பது சட்டைப் பையில் அடங்கும் குட்டிக் குறிப்புப் புத்தகம். மெல்லிய அட்டை, அட்டையில் மூன்று ஐந்துகள். இந்த நாட்டில் மலாய், சீன, இந்திய மளிகைக் கடை எதுவானாலும் கடன் கணக்கு அதில்தான் ஏறும். அரிசி இத்தனை, சீனி இத்தனை, பால் டின் இத்தனை. பல கடைகளில் புத்தகம் இரண்டு இருக்கும். கடைக்காரர் கையில் ஒன்று, வாங்குகிறவர் வீட்டில் ஒன்று. மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சண்டை வந்தாலும் இரண்டு பேரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சண்டை போடுவார்கள்.

செக்ரோல் தோட்டத்துச் சமாச்சாரம். என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நிற்க, பேர் கூப்பிடுவார்கள். ஆள் இருந்தால் செக்ரோலில் ஒரு குறி விழும், இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அந்தப் பேரேட்டை வைத்திருப்பவர் கிராணியார். இங்கிலீஷ் படித்தவர், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர் அல்லது மலையாளி. யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு பால் எடுத்தார், யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று எல்லாமே அதில் இருக்கும். தோட்டத்தையே நடத்திச் சென்ற ஏடு அது, அருமையான கருவி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதைத் தாத்தா ஒருநாளும் திறந்து பார்த்தது கிடையாது. அவருக்காக அது எழுதப்படவில்லை, அவரைப் பற்றி எழுதப்பட்டது.

ஞாபகத்துக்கு உதவுகிற மென்பொருள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் வந்து நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் சொல்லும் விளக்கத்தில் எல்லாமே 555 மாதிரித் தெரியும். ஆறு மாதம் பழகினால்தான் எது செக்ரோல் என்று புரியும்.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு டைலர் அக்கா இருக்கிறார். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் அவரைப் பார்ப்பதே ஒரு படிப்பினை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. ஆகஸ்டிலேயே ரவிக்கைத் துணிகள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத்தான் வரும். "அக்கா, போன தடவ தச்சீங்கல்ல, அதே அளவு, ஆனா கை மட்டும் கொஞ்சம் நீளமா, பின்னாடி கயிறு வேணாம்." இப்படி ஒன்றரை நிமிஷம். கடைசியில் "அவசரமில்ல" என்று சொல்வார்கள். அது பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

அக்கா பயன்படுத்துவது வாட்ஸ்அப் பிசினஸ். 2018-இல் வந்தது. அதில் ஒவ்வொரு உரையாடலுக்கும் வண்ண அடையாளம் குத்தலாம்: புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது. வேறு எந்தச் செயலியும் அவர் போடவில்லை. பெரிய அலுவலகங்களில் ட்ரெல்லோ, ஸோஹோ என்று காசு கொடுத்து வாங்கி, ஆலோசகர் வைத்துப் பயிற்சி கொடுத்துச் செய்கிற வேலையை இந்த நாலு வண்ணத்தில் அவர் முடித்துவிடுகிறார். மஞ்சளில் கிடப்பதைத் தைக்கணும், சிவப்பில் கிடப்பவரிடம் காசு கேட்கணும். அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்தில் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள். மேலே பெயர், கீழே அளவு, ஓரத்தில் அந்தத் துணியிலிருந்து விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டு, ஸ்டேப்ளர் அடித்து. "படம்தான் எடுத்து வச்சிருக்கீங்களே, இது எதுக்கு?" என்று கேட்டேன். "படத்துல மாம்பழ மஞ்சளும் மஞ்சப்பொடி மஞ்சளும் ஒண்ணா தெரியுது. நூல் வாங்கப் போகும்போது போனையா கடக்காரன்கிட்ட நீட்டுவேன்?" என்றார். நூல் கடைக்குப் போகிற அன்று அந்த நோட்டுதான் பையில் போகும். அங்கே போய் நின்றதும் பக்கத்தைப் புரட்டுவார்; எந்த நூல் வேண்டும் என்பது துணியைப் பார்த்ததும் தானாக வந்துவிடும். மணி அடித்து யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

இதற்கு உளவியலில் ஆராய்ச்சியே உண்டு. இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைத்திருப்பது ஒரு தனி வகை ஞாபகம் என்கிறார்கள். அதிலும் இரண்டு தினுசு. "மூன்று மணிக்கு மாத்திரை" என்பது கடிகாரத்தைப் பார்த்து நினைக்க வேண்டியது. "சாப்பிட்டதும் மாத்திரை" என்பது ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து நினைக்க வேண்டியது. கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் சோதித்துப் பார்த்தபோது, நிகழ்ச்சியை ஒட்டிய வேலைகளில் வயதானவர்கள் இளைஞர்களுக்குச் சளைக்கவில்லை. கடிகாரத்தை ஒட்டிய வேலைகளில் வயது கூடுதலாகத் தடுக்கிறது என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. இன்னொரு வேடிக்கை: ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, வீட்டில் அன்றாடம் செய்கிற வேலைகளைக் கொடுத்தால், பல சோதனைகளில் வயதானவர்கள்தான் முந்துகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் வாங்க மறந்து நான் பார்த்ததில்லை. அவருடைய பேரன் போனில் மூன்று செயலி வைத்துக்கொண்டு ரோட்டெக்ஸை முடியவிட்டுவிட்டுத் திரிகிறான்.

பெரும்பாலான செயலிகள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுகின்றன. 3 மணி என்று வைத்தால் 3 மணிக்கு அலறும். அப்போது நீங்கள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்பீர்கள், அல்லது மதியக் கூட்டத்தில் கல்லாவில் இருப்பீர்கள். "பிறகு" என்று தட்டிவிடுவீர்கள். ஒரு வாரம் இப்படித் தட்டினால் அதற்கப்புறம் அந்தச் சத்தம் காதில் ஏறாது, மின்விசிறிச் சத்தம் மாதிரிதான். இடத்தை வைத்து ஞாபகப்படுத்தும் வசதி ஐபோனில் 2011-லேயே வந்துவிட்டது: இந்த இடத்துக்குப் போனால் சொல், அங்கிருந்து கிளம்பினால் சொல். நான் பார்த்த கடைக்காரர்களில் அதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. இருக்கிறது என்றே தெரியாது.

தேதியிலும் ஒரு வம்பு இருக்கிறது. அப்பாவுக்குத் திதி கொடுக்கிறவர் போன் காலண்டரில் அதைப் போட்டு வைக்க முடியுமா? "ஒவ்வோர் ஆண்டும் இதே தேதி" என்றால் போட்டுக்கொள்ளும். ஆனால் திதி இங்கிலீஷ் தேதியில் நிற்காதே. உலகத்துக் காலண்டர் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறை கிரிகோரியன் கணக்கில் எழுதப்பட்டது. 2015-இல் அதற்கு ஒரு பின்சேர்க்கை வந்தது. சீனப் புத்தாண்டு, யூத, எத்தியோப்பிய நாள்காட்டிகளுக்கெல்லாம் அதில் வழி சொல்லியிருக்கிறார்கள். நம் அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே கல்லாவுக்குப் பின்னால் குதிரைப் படம் போட்ட காலண்டரும், கோயிலில் கொடுத்த பஞ்சாங்கக் காலண்டரும் அப்படியே தொங்குகின்றன. தொங்கட்டும். சிவப்புப் பேனாவில் வட்டம் போட்ட தேதியைக் கடைக்கு வருகிற போகிற எல்லாரும் பார்க்கிறார்கள். முதலாளி மறந்தாலும் மேசை துடைக்கிற அண்ணன் சொல்லிவிடுவார். போனுக்குள் இருக்கும் ஞாபகத்தை ஒருவர்தான் பார்க்க முடியும்.

குரலில் சொல்லி வேலை வாங்கும் உதவியாளர்களைப் பற்றிப் பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. கைகள் நன்றாக இருக்கும்போது போனோடு எதற்குப் பேசணும் என்பார்கள். அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் அரை நாள் நடந்து பார்க்கலாம். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பதித்திருப்பதும், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் வரிசையாக இருப்பதும் அதை ஒட்டித்தான். அங்கே ஒருவர் தன் போனைக் காதோடு வைத்து மறுநாள் வரப்போகும் வாடிக்கையாளர்களின் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கேசட்டை வேகமாக ஓட்டினால் வருமே, அந்தக் கீச்சொலி. அவர் சாவகாசமாகத் தலையாட்டிவிட்டு, "நாளைக்கு நாலு பேர், அஞ்சரைக்கு இடம் இருக்கு, வர்றீங்களா?" என்றார். ஐபோனில் திரையை வாசித்துச் சொல்லும் வசதி 2009-இல் வந்தது. நமக்கெல்லாம் பேசும் போன் ஒரு வேடிக்கையாக அறிமுகமாகுமுன்பே அது அவர்களுக்குத் தொழில் கருவியாகிவிட்டது. அவருடைய அந்தக் காலண்டர் சுத்தமான 555. அவர் சொல்லி ஏற்றுகிறார், அவரே கேட்கிறார்.

தமிழில் பேசினால் கேட்குமா என்று அடுத்த கேள்வி வரும். கூகுளில் தமிழைக் குரல்வழி எழுதும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை), தமிழ் (சிங்கப்பூர்), தமிழ் (மலேசியா) என்று நான்கு இருக்கும். நம் பெயரையும் போட்டிருக்கிறார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நாம் பேசுவது எந்தத் தமிழ்? "பாசார் மாலாமுக்கு போற வழில ஜேபிஜே-ல நிப்பாட்டி லைசென்ஸ் ரின்யூ பண்ணணும்." இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று மொழி. மனிதக் காதுக்கு ஒன்றும் சிரமமில்லை. இயந்திரம் பாதியை விழுங்கிவிட்டு வேறு எதையோ எழுதித் தரும். முன்பைவிட இப்போது எவ்வளவோ தேவலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கணினியில் தமிழை ஏற்றும் வேலை இந்த மண்ணில் நேற்று முளைத்ததும் இல்லை. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985-இல் தொடங்கியது இங்கிருந்துதான். கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினம் கொடுத்தவரும் அவரே. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எழுத்தை நாமே ஏற்றினோம். மூன்று மொழியும் கலந்த நம் பேச்சை ஏற்றும் வேலைக்கு யார் வருவார்கள் என்று பார்க்கிறேன்.

இனி செக்ரோல் பக்கம். ஒரு சாப்பாட்டுக் கடையின் வேலைக் குழுவில், வாட்ஸ்அப்பில்தான், கணக்குக்காக என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரவு கடை மூடியதும் படங்கள் வர ஆரம்பிக்கும். துடைத்த தரை, கழுவிய அடுப்பு, கட்டி வைத்த குப்பைப் பை, பூட்டிய பின்கதவு. ஒவ்வொன்றுக்கும் அடியில் நேரம். முதலாளி வீட்டில் படுத்தபடி பார்க்கிறார். நீல டிக் விழுகிறது. தரையின் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அந்த மூலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி அனுப்புகிறார். அந்தப் பையன் மறுபடி துடைத்து மறுபடி படம் அனுப்புகிறான். வேலை சுத்தமாக நடக்கிறது, மறுக்கவில்லை. நகராண்மைக்காரர்கள் திடீரென்று வந்து நின்றால் கடைக்குத்தான் நல்லது. ஆனால் பெரட்டு விடியலிலிருந்து நள்ளிரவுக்கு மாறியிருக்கிறது என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்? அந்தக் குழுவில், "உனக்கு இந்த மாசம் கூடுதல் நேரம் இவ்வளவு சேர்ந்திருக்கு" என்று அந்தப் பையனுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. படத்துக்கு அடியில் இருக்கிற அதே நேரத்தைக் கூட்டினால் அதுவும் வந்துவிடும். கூட்டுவது என் வேலை என்பதால் எனக்குத் தெரியும்.

உணவு விநியோகம் செய்கிற மோட்டார் சைக்கிள் தம்பிகளின் செயலியும் இதே இனம். எங்கே போகணும், எந்த வழியில், எத்தனை நிமிஷத்தில், எல்லாவற்றையும் அது ஞாபகம் வைத்திருக்கிறது. அவர்கள் மறக்கவே முடியாது, மறக்க அது விடாது. கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியபோது காப்புறுதி, சொக்சோ என்றுதான் அதிகம் பேசினார்கள். என்னைக் கேட்டால், தன்னைப் பற்றிச் செயலி வைத்திருக்கும் ஏட்டைத் தொழிலாளி திறந்து பார்க்க முடியுமா என்பதும் அதே அளவுக்குப் பேச வேண்டிய விஷயம்.

555 மாதிரி ஏடு நம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் செயலிகளுக்கு ஆயுசு கெட்டி இல்லை. வுண்டர்லிஸ்ட் என்று ஒன்று இருந்தது, பெர்லினில் செய்தது. அழகான செயலி. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி மூடிவிட்டது. மின்னஞ்சலையே வேலைப் பட்டியலாக மாற்றிய கூகுளின் இன்பாக்ஸ் 2019-இல் போனது. விண்டோஸில் இருந்த குரல் உதவியாளர் கோர்டானா 2023-இல் போனாள். கூகுள் நினைவூட்டல்களும் அதே ஆண்டில் டாஸ்க்ஸ் என்ற வேறு இடத்துக்குக் குடி பெயர்ந்தன. ஒவ்வொரு தடவையும் "உங்கள் தரவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அந்த மின்னஞ்சலைத் திறக்க எங்கே நேரம்? அதனால்தான் நான் புதுச் செயலி எதையும் சிபாரிசு செய்வதில்லை. போனோடு வருகிற சாதாரணக் காலண்டர் போதும். அதிலிருந்து எடுத்து வேறொன்றில் போட முடியும், வீட்டில் இன்னொருவரோடு பகிர முடியும், காசும் கிடையாது.

இப்போது எல்லாரும் கேட்பது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றி. பயன்படுத்துகிறேன், ஒளிக்கவில்லை. டைலர் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அவருக்கு வந்த குரல் செய்திகளில் சிலவற்றைத் தட்டச்சு செய்து ஒன்றிடம் கொடுத்துப் பட்டியலாக்கச் சொன்னேன். பெயர், அளவில் மாற்றம், கேட்ட தேதி என்று கட்டம் கட்டிக் கொடுத்தது. "அவசரமில்ல" என்பதை அப்படியே நம்பி, அந்த ஆர்டர்களைக் கடைசியில் தள்ளிவிட்டது. அக்கா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பட்டியலை மேலிருந்து கீழாகக் கவிழ்த்துக்கொண்டால் சரியாக இருந்தது.

அது சிரிப்போடு போயிற்று. வரித் தேதி அப்படிப் போகாது. இ-இன்வாய்ஸ் எனக்கு எப்போது கட்டாயம் என்று இந்த உதவியாளர்களைக் கேட்டால், தயங்காமல் ஒரு தேதி சொல்லும். அது பழைய தேதியாக இருக்கலாம். ஏனென்றால் விதி அத்தனை தடவை மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1-இல் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களிடம் தொடங்கியது, 2025 ஜனவரியில் 25 மில்லியனுக்கு மேல், ஜூலையில் 5 மில்லியனுக்கு மேல் என்று இறங்கி வந்தது. சின்ன வியாபாரிகளுக்கான விலக்கு வரம்பு முதலில் 150,000 வெள்ளி, பிறகு 500,000, பிறகு 1 மில்லியன். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இணையத்தில் நூறு பேர் விளக்கம் எழுதினார்கள். பழைய விளக்கங்களை யாரும் அழிப்பதில்லை. இயந்திரம் படித்ததெல்லாம் அந்தக் குவியலைத்தான். ஆகவே தேதியை வருமான வரி வாரியத்தின் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, அந்தத் தேதியை ஞாபகப்படுத்துகிற வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுங்கள்.

இ-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்ட கடைகளுக்கு ஒரு உபகாரம் சொல்கிறேன். இ-இன்வாய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையைத் திரட்டி ஒன்றாக ஏற்றுவதற்கு மாதம் முடிந்து 7 நாள்தான். ஏற்றி ஒப்புதல் ஆன இ-இன்வாய்ஸில் தப்பு தெரிந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம். இந்த இரண்டும் கடிகார வேலை. மனிதர் மண்டைக்கு வராது, இயந்திரத்துக்கு நன்றாக வரும். வெள்ளிக்கிழமை மாலை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் திங்கள் மாலையோடு நேரம் தீர்ந்துவிடும். நடுவில் ஒரு சனி ஞாயிறு போய்விட்டது என்று இயந்திரம் இரக்கப்படாது, அரசாங்கமும் இரக்கப்படாது. நான் கணக்குப் பார்க்கும் கடைகளில் வெள்ளிக்கிழமை ஏற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

"ஞாபகப்படுத்த மெஷின் இருக்கும்போது நீங்க எதுக்கு?" என்ற கேள்விக்கு வருகிறேன். காலண்டர் 12-ஆம் தேதி கூவும். கடை அண்ணன் பார்ப்பார். அன்றைக்குக் கல்லாவில் பணம் இருக்காது. தேதி அவருக்கு நன்றாகவே தெரியும், கட்டத்தான் வழியில்லை. அப்போது அவர் எனக்கு அடிப்பார்: "பணம் கொஞ்சம் இழுக்குது, எத முதல்ல கட்டுறது?" தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலில் கட்டுங்கள், அது உங்கள் பணமே இல்லை, மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொல்வேன். முறைப்பார், கட்டுவார். மறதி என்று நாம் சொல்கிறவற்றில் பாதி மறதியே இல்லை. கையில் இல்லாத காசு, பிடிக்காத வேலை, பேசத் தயங்குகிற ஆள். இதற்கெல்லாம் மணி அடித்து என்ன பிரயோஜனம்?

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு சின்னக் கடை வைத்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனை வாங்கி, அதிலேயே இருக்கிற காலண்டரில் மாதாமாதம் 12-ஆம் தேதி காலை, கடை கூட்டம் தொடங்குமுன், "இபிஎஃப், சொக்சோ, வரி" என்று போட்டுக் கொடுங்கள். அதே காலண்டரை உங்கள் போனிலும் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்நியத் தொழிலாளர் இருந்தால் பாஸ்போர்ட், பெர்மிட் முடிகிற தேதிகளை மூன்று மாதம் முன்கூட்டியே போடுங்கள். அந்தத் தொழிலாளியின் போனிலும் அதே தேதிகளைப் போட்டுக் கொடுங்கள், அவருக்கும் தெரிந்திருக்கட்டும். டைபாய்டு ஊசி அட்டைகளை எடுத்துப் பார்த்து, மூன்று ஆண்டு எப்போது முடிகிறது என்று குறித்துவையுங்கள். சுவரில் இருக்கும் குதிரைக் காலண்டரைக் கழற்ற வேண்டாம்.